வழக்குரைத்தவளை எதை வைத்து நம்புவது?

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியால் வடக்கே போகிறவர்களுக்கு, சத்துருக்கொண்டான் கழிந்ததும் தன்னாமுனை வந்துவிடும். வாவியை ஒட்டிய ஊர். கத்தோலிக்கர் நிறைந்த ஊர். சூசையப்பரின் பெயரில் கோயிலும் பள்ளிக்கூடமும் உண்டு. அதே வீதியில் மேலே போனால் ஏறாவூரின் பள்ளிவாசல்கள், செங்கலடிச் சந்தி, பிறகு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். வைகாசி பிறந்துவிட்டால் இந்தப் பிரதேசமெங்கும் கண்ணகி அம்மன் கோயில்களின் கதவுகள் திறக்கும். ஒரு பஸ் ஓட்டத்துக்குள் இத்தனையும் அடங்கிவிடுகின்றன. சட்டம் கற்பிக்கும் பெண்கள் கடந்த ஐம்பது ஆண்டுகளாக உலகின் பல மூலைகளிலிருந்து எழுதிவரும் ஒரு கேள்வி, இங்குள்ள சமயங்களுக்குப் புதியதல்ல. வழக்காட வந்த பெண்ணை எதை வைத்து நம்புவது? அவள் காட்டும் சான்றை வைத்தா, அவளுடைய ஒழுக்கத்தை வைத்தா?

தமிழ்நாட்டில் கண்ணகி பெரும்பாலும் பாடப்புத்தகத்தில் இருக்கிறாள், மெரினாவில் சிலையாக நிற்கிறாள். கிழக்கிலங்கையில் அவள் தெய்வம். தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் என்று கோயில் கோயிலாகச் சடங்கு நடக்கும். அந்த நாட்களில் ‘கண்ணகி வழக்குரை’ பாடப்படும். அம்மனைக் குளிர்விக்கும் திருக்குளிர்த்தியோடு சடங்கு நிறைவுபெறும். வாய்மொழியாகவும் ஏட்டிலும் கிடந்த அந்தக் காவியத்தை வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தார். தெய்வத்தின் பிறப்பு, கடலோட்டம், திருமணம் என்று எவ்வளவோ கதை அதில் இருந்தும், நூலுக்குப் பெயராக நின்றது அரசவை வழக்குத்தான்.

அந்த வழக்கை ஒரு சட்டத்தரணியின் கண்ணோடு பார்ப்பது பயனுள்ள வேலை. இளங்கோவின் சிலப்பதிகாரத்தில் கண்ணகி அரசன் முன்னால் நின்றதும் அழுது புலம்பவில்லை. முதலில் முன்தீர்ப்புகளைச் சொல்கிறாள்: புறாவுக்காகத் தன் தசையைக் கொடுத்த சோழன், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழன். அரசன் என்றால் இப்படித்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்ற அளவுகோலை முதலில் நாட்டிவிடுகிறாள். அடுத்து ஊர், கணவனின் குடி, அவன் பெயர், அவன் பிழைப்புத் தேடி வந்தவன், காற்சிலம்பை விற்க வந்த இடத்தில் கொல்லப்பட்டவன் என்ற விபரங்கள். தன் பெயர் கடைசியில் வருகிறது. கள்வனைக் கொல்வது கொடுங்கோலாகாது என்று அரசன் சட்டம் பேசும்போது, அந்தச் சட்டத்தை அவள் மறுக்கவில்லை. கள்வன்தானா என்ற பொருண்மைக் கேள்விக்கு வழக்கை இழுத்துவருகிறாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள், அரசியின் சிலம்பில் முத்து என்று எதிர்த்தரப்பே ஒப்புக்கொள்கிறது, உடைத்துப் பார்க்கிறார்கள். முடிந்தது வழக்கு.

இதில் கற்பு எங்கே வந்தது? வழக்கில் எங்குமே வரவில்லை. பட்டிமன்றப் பேச்சாளர்கள் ஆண்டாண்டாகக் கண்ணகியின் கற்புத்தான் பாண்டியனை வீழ்த்தியது என்று முழங்குகிறார்கள். ஆனால் அவையில் வென்றது மாணிக்கப் பரல். புகாரின் பத்தினிப் பெண்களை வரிசையாக நினைவூட்டித் தானும் அத்தகையவள் என்று அவள் சொல்வது, தீர்ப்பு வந்து, அரசனும் அரசியும் இறந்த பிறகு, மதுரைக்குத் தண்டனை விதிக்கும் கட்டத்தில். நிரூபணத்துக்குச் சிலம்பு, தண்டனைக்குக் கற்பு என்று இளங்கோ இரண்டையும் இருவேறு காதைகளில் வைத்திருக்கிறார். பின்வந்த தமிழ்ச் சமூகம் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து, கற்புடையவள் என்பதால்தான் அவள் சொல் எடுபட்டது என்று ஆக்கிவிட்டது. அதன் மறுபாதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: கற்பில் ஐயம் எழுப்பிவிட்டால் சொல் எடுபடாது.

கிழக்கின் வழக்குரை கதையை இன்னும் கூர்மையாக்குகிறது. அங்கே கண்ணகி மாங்கனியில் பிறந்து, பாண்டியனால் பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்ட குழந்தை. வழக்கைக் கேட்கும் நீதிபதி, வழக்காடும் பெண்ணை முன்னரே நீரில் விட்டவன். தீர்ப்பவன் நடுநிலையில் நிற்கிறான் என்ற எண்ணத்தைக் கதையின் அத்திவாரத்திலேயே அசைத்துவிட்டார்கள் அந்தப் பெயர் தெரியாத பாடகர்கள்.

தன்னாமுனையின் கத்தோலிக்கர் கையிலும் இதற்கு இணையான ஒரு வழக்கு இருக்கிறது. கத்தோலிக்க விவிலியத்தில் தானியேல் நூலின் 13ஆம் அதிகாரமாக வரும் சூசன்னாவின் கதை, புரட்டஸ்தாந்து விவிலியங்களின் பழைய ஏற்பாட்டில் இராது. தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்கட்கிழமை பூசையில் அதை வாசிப்பார்கள். குளிக்கும் பெண்ணை மறைந்திருந்து பார்த்த இரண்டு மூப்பர்கள், தங்களுக்கு இணங்காவிட்டால் விபசாரக் குற்றம் சாட்டுவோம் என்று மிரட்டுகிறார்கள். அவள் மறுக்கிறாள். அவர்கள் சொன்னபடியே சாட்சி சொல்கிறார்கள். மூப்பர்கள், அதுவும் நீதிபதிகள் சொன்னதால் சபை நம்பி அவளுக்கு மரண தண்டனை விதிக்கிறது. இளைஞன் தானியேல் குறுக்கிட்டு, இருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர் என்று தனித்தனியே கேட்கிறான். ஒருவர் ஒரு மரம் சொல்கிறார், மற்றவர் வேறு மரம். குறுக்கு விசாரணை என்ற கலைக்கு உலகம் காட்டும் மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் இது ஒன்று.

கண்ணகிக்கும் சூசன்னாவுக்கும் உள்ள தூரம் கவனிக்கத்தக்கது. சூசன்னா கடவுளை நோக்கிக் கதறுகிறாள். சபையை நோக்கி ஒரு வாதமும் வைக்கவில்லை. அவளுக்காக வாதாடுபவன் ஓர் ஆண். ஆனாலும் இரண்டு கதைகளும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. சபை ஏமாந்தது பேசியவர்களின் தகுதியைப் பார்த்து. தெளிந்தது மரத்தின் பெயரைக் கேட்டு.

லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் மூன்றாவது ஒருத்தி இருக்கிறாள். கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதியாத நீதிபதியிடம் திரும்பத் திரும்பப் போகும் கைம்பெண். அவளுடைய வழக்கு என்னவென்று உவமை சொல்லவே இல்லை. தொல்லை தாங்காமல் அவர் நீதி வழங்குகிறார் என்பது மட்டுமே தெரிகிறது. இலங்கையில் இந்தக் கைம்பெண்ணை விளக்க மறையுரை தேவையில்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடங்கிய தொடர் போராட்டம் வடக்கின் பிற நகரங்களுக்கும் கிழக்குக்கும் பரவியது. கையில் பிள்ளையின் படத்தோடு வீதியோரத்தில் உட்கார்ந்தவர்களிடம் இருந்தது சான்றும் விடாப்பிடியும். கேட்கும் நீதிபதி யார் என்பதுதான் தெளிவாகவில்லை.

விடாப்பிடி, சான்று, இன்னொருவரின் வாதத் திறமை. இந்த மூன்றுக்கும் அப்பால் நான்காவது வழியொன்றை 1979 செப்டெம்பரில் இந்தியாவின் நான்கு சட்ட ஆசிரியர்கள் திறந்தார்கள். உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தகம்வார் ஆகியோர் இந்தியத் தலைமை நீதியரசருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். சட்டம் கற்பிப்பவர்கள் ஆய்விதழில் விமர்சிப்பது வழக்கம். நீதிமன்றத்தையே நேராக விளித்து, நீங்கள் தவறினீர்கள் என்று எழுதுவது வழக்கமில்லை.

அந்த வழக்கு ‘துக்காராம் எதிர் மகாராஷ்டிர அரசு’. சட்டப் புத்தகங்கள் அதைப் பாதிக்கப்பட்ட சிறுமியின் பெயரால் அழைக்கின்றன. இங்கே அந்தப் பெயர் வேண்டாம். 1972 மார்ச் 26 இரவு, சந்திரப்பூர் மாவட்டத்தின் தேசாய்கஞ்ச் பொலிஸ் நிலையத்தில், முறைப்பாட்டு விசாரணைக்காக வந்திருந்த பழங்குடிச் சிறுமி உள்ளே நிறுத்திவைக்கப்பட்டாள். வயது 14க்கும் 16க்கும் இடையில் என்று வைத்தியர் கணித்தார். இரண்டு பொலிஸார் மீது வழக்கு. செஷன்ஸ் நீதிமன்றம் அவளுடைய முந்தைய உறவைக் காட்டி அவள் சொல்லை நம்பாமல் அவர்களை விடுவித்தது. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 1976இல், பணிந்துபோவது வேறு, சம்மதிப்பது வேறு என்று தண்டித்தது. 1978 செப்டெம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் விடுவித்தது. உடலில் காயமில்லை, கூச்சலிட்டதற்குச் சான்றில்லை, ஆகவே எதிர்ப்பில்லை, ஆகவே சம்மதம்.

கடிதத்தின் வாதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதன் நுட்பத்தை அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. சம்மதத்தில் பணிவும் இருக்கலாம், ஆனால் பணிந்ததெல்லாம் சம்மதமாகாது என்பது அதன் தர்க்கம். நள்ளிரவில் பொலிஸ் நிலையத்துக்குள், வெளிச்சம் அணைக்கப்பட்ட இடத்தில், கூலி வேலை செய்யும் ஓர் அநாதைச் சிறுமி சீருடைக்காரனை எதிர்த்துக் கூச்சலிட்டிருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பவர் யாருடைய கண்ணால் உலகைப் பார்க்கிறார் என்பது அதன் கேள்வி.

மேலோட்டமாகப் பார்த்தால் இங்கே ஒரு முரண் தெரியும். ஒரு பக்கம் பெண்ணியச் சட்ட அறிஞர்கள், பேசுபவளின் நடத்தையைப் பார்க்காதே, சான்றைப் பார் என்கிறார்கள். மறுபக்கம் அவள் யார், எவ்வளவு வறியவள், எந்தச் சாதி, எந்த இடத்தில் நின்றாள் என்று பார்க்கச் சொல்கிறார்கள். ஆளைப் பார்க்கவேண்டுமா, வேண்டாமா? நீதி கண்ணைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும் என்று நம்புகிறவர்களுக்கு இது சறுக்கலாகவே படும்.

சறுக்கல் இல்லை. ஒழுக்கம் வேறு, நிலைமை வேறு. அவள் முன்பு யாரோடு பழகினாள் என்பது அன்றிரவு நடந்ததற்குச் சான்றாகாது; அன்றிரவு கதவு யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது என்பது சான்று. கண்ணகியும் இதைத்தான் செய்தாள். தான் பத்தினி என்று அவையில் சொல்லாதவள், தன் கணவன் பிழைப்புத் தேடி அந்நியப் பட்டினத்துக்கு வந்தவன் என்பதைச் சொன்னாள். ஆள்பலம் இல்லாதவன்மேல் திருட்டுப் பழி எவ்வளவு எளிதாக ஒட்டும் என்பது அந்த ஒரு வரியிலேயே அடங்கியிருக்கிறது. நிலைமையைச் சொல்வது வாதத்தின் பகுதி. நற்சான்றிதழ் நீட்டுவது வாதத்தின் பகுதியாகாது.

அரிஸ்டாட்டில் இதைப் பற்றி யோசித்திருக்கிறார். நம்பவைக்கும் வழிகளைப் பேசுபவரின் பண்பு, கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தர்க்கம் என்று மூன்றாகப் பிரித்த அவர், முதலாவதே அநேகமாக வலிமை மிக்கது என்றார். ஆனால் அந்த நம்பிக்கை பேச்சிலிருந்தே பிறக்கவேண்டும், பேசுபவரைப் பற்றி முன்பே இருக்கும் அபிப்பிராயத்திலிருந்து பிறக்கக்கூடாது என்றும் அதே இடத்தில் சொல்லிவைத்தார். இரண்டாவது பாதியைச் சட்டம் மறந்துவிட்டது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம், வல்லுறவு வழக்கில் முறைப்பாடு செய்த பெண் பொதுவாக ஒழுக்கங்கெட்டவள் என்று காட்டி அவள் சொல்லைத் தாக்க எதிர்த்தரப்புக்கு இடம் கொடுத்தது. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம் அதே வார்ப்பில் உருவானது. இந்தியா அந்த வாசகத்தை நீக்க இருபத்தோராம் நூற்றாண்டு பிறக்கவேண்டியிருந்தது.

கடிதம் தனியாக எதையும் மாற்றிவிடவில்லை. மீளாய்வு மனு தள்ளுபடியானது. ஆனால் அது பத்திரிகைகளில் பரவி, 1980இல் மும்பையிலும் தில்லியிலும் பெண்களை வீதிக்கு இறக்கியது. 1983இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது: காவலில் உறவு நடந்தது நிரூபணமாகி, தனக்குச் சம்மதமில்லை என்று பெண் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் ஊகிக்கவேண்டும். இலங்கை 1995இன் 22ஆம் இலக்கச் சட்டத்தால் தன் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது, உடற்காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளங்கள் சம்மதமின்மையை நிரூபிக்க அத்தியாவசியமில்லை என்று விளக்கமாகவே எழுதிச் சேர்த்தது. தேசாய்கஞ்சின் தீர்ப்புக்கு இந்தத் தீவில் எழுதப்பட்ட மறுப்பாகவும் அதை வாசிக்கலாம்.

கடிதத்தில் கையெழுத்திட்ட லோத்திகா சர்க்கார் கேம்பிரிட்ஜில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண். தில்லிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தவர். இந்தியப் பெண்களின் நிலை குறித்த 1974ஆம் ஆண்டுக் குழு அறிக்கையில், சட்டமன்றங்களில் பெண்களுக்கு இடஒதுக்கீடு வேண்டாம் என்ற பெரும்பான்மையோடு உடன்படாமல் வீணா மசும்தாரோடு சேர்ந்து மாறுபட்ட குறிப்பு எழுதியவர். இலங்கையில் சாவித்திரி குணசேகர சட்டப் பேராசிரியராகி, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழுவின் உறுப்பினராகவும் இருந்தார். ராதிகா குமாரசுவாமி 1994இலிருந்து 2003 வரை பெண்களுக்கெதிரான வன்முறை பற்றிய ஐ.நா.வின் முதல் சிறப்பு அறிக்கையாளர். வந்தாறுமூலையில் சித்திரலேகா மௌனகுரு சட்டம் கற்பித்தவரல்லர், தமிழ் கற்பித்தவர். ஆனால் 1986இல் ‘சொல்லாத சேதிகள்’ என்ற பெண்களின் கவிதைத் தொகுப்பிலும், மட்டக்களப்பின் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்திலும் அவர் செய்த வேலை, சாட்சி சொல்ல வாய்ப்பில்லாத பெண்களின் சொல்லைப் பதிவாக்கும் வேலைதான்.

இவர்களுக்கு முன்னோடி ஒருத்தி காப்பியத்திலேயே உண்டு. மணிமேகலைக்கு வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தைத் தெய்வம் கொடுக்கும்போது சொல்லும் காரணம், நீ இளம்பெண் என்பதால் சமயவாதிகள் உனக்குத் தம் கொள்கைப் பொருளை உரைக்கமாட்டார்கள் என்பது. அதனால் வஞ்சியில் அவள் ஆண் தவசியின் உருவெடுத்தே அளவைவாதி முதலியோரிடம் போய்க் கேட்கிறாள். கண்ணகி பெண்ணாகவே நின்று அரசவையில் வாதாடினாள். கண்ணகியைத் தாயாக மதித்த மணிமேகலை தர்க்கம் கேட்க ஆணாகவேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவளாக வந்தால் உள்ளே விடுவார்கள், ஆராய்பவளாக வந்தால் விடமாட்டார்கள் போலும்.

அந்தக் கசப்பு இன்னும் தீரவில்லை. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சட்ட எழுத்தைக் கற்பிப்போர் பெரும்பாலும் பெண்கள். அரசியலமைப்புச் சட்டம் கற்பிப்போரோடு ஒப்பிட்டால் சம்பளமும் பணி உறுதியும் குறைவு. வாதத்தை எப்படிக் கட்டுவது என்பது கீழான பாடமாம். அந்தத் துறையிலிருந்து வந்த கேத்ரின் ஸ்டாஞ்சியும் லிண்டா பெர்கரும் பிரிட்ஜெட் கிராஃபோர்டோடு சேர்ந்து 2016இல் வெளியிட்ட நூல், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 25 தீர்ப்புகளைப் பெண்ணிய நோக்கில் திருப்பி எழுதிக் காட்டியது. இப்படித் தீர்ப்புகளைத் திருப்பி எழுதும் வழி தொடங்கியது கனடாவில். இங்கிலாந்தின் தொகுதி 2010இல், இந்தியாவின் தொகுதி 2021இல் வந்தன. இந்த விளையாட்டின் விதி கடுமையானது. மூலத் தீர்ப்பு வந்த நாளில் இருந்த சட்டத்தையும் சான்றுகளையும் மட்டுமே பயன்படுத்தலாம். பின்னால் வந்த திருத்தத்தையோ ஆய்வையோ கடன் வாங்கக்கூடாது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வேறு தீர்ப்பு எழுத முடிந்தால், அன்றைய நீதிபதியின் கையைச் சட்டம் கட்டிப்போடவில்லை என்றாகிறது. தவறு ஏட்டில் இல்லை, வாசித்த கண்ணில்.

மட்டக்களப்புக்கு இதில் தனி அக்கறை உண்டு. தாய்வழிக் குடிமுறை வாழ்ந்த மண் இது. அதற்குரிய முக்குவர் சட்டத்தைப் பிரிட்டோ 1876இல் அச்சேற்றினார். அந்தச் சட்டம் வழக்கொழிந்த பிறகும், தமிழரிடையிலும் முஸ்லிம்களிடையிலும் வீடு மகளுக்கே போகிறது. மாப்பிள்ளை அங்கே வருகிறார். இதை மானிடவியலாளர் தெனிஸ் மக்கில்வ்ரே நெடுங்காலம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அப்படியிருக்க, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரச காணியின் வாரிசுரிமையில் மூத்த ஆணுக்கு முன்னுரிமை கொடுத்தது. திருத்தம் வர 2022 ஆனது. சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளுக்கும் ‘குடும்பத் தலைவர்’ என்ற ஆணின் பெயர் ஏறியது. வீடு அவளுடையது என்று ஊர் அறியும், படிவத்துக்குத் தெரியாது.

ஏறாவூரில் கேள்வி இன்னொரு வடிவம் எடுக்கிறது. 1951இன் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி அந்த வழக்குகளைத் தீர்க்கும் காதியாக ஆண் மட்டுமே நியமிக்கப்படலாம். காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணிக்கு இடமில்லை. தாபரிப்புக் கேட்டு வரும் பெண் தன் வழக்கைத் தானே உரைக்கவேண்டும். விவாகப் பதிவிலோ மணமகளின் கையொப்பம் கட்டாயமில்லை, அவளுக்காகப் பாதுகாவலரான வலீ ஒப்பமிடுவார். பேசவேண்டிய இடத்தில் தனியாக விட்டும், ஒப்பமிடவேண்டிய இடத்தில் பேச்சை வாங்கியும் வைத்திருக்கும் சட்டத்தைத் திருத்தச் சொல்லி முஸ்லிம் பெண்கள் பல பத்தாண்டுகளாக எழுதுகிறார்கள். அந்தத் திருத்தத்தைப் பரிசீலிக்க 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு 2018இல் அறிக்கை கொடுத்தபோது, பெண் காதி உள்ளிட்ட விடயங்களில் குழுவே இரண்டாகப் பிரிந்து நின்றது.

பெண் நீதி வழங்கலாமா என்பதில் இஸ்லாமியச் சட்ட மரபு ஒரே குரலில் பேசியதில்லை. ஷாபி மத்ஹப் அனுமதிக்கவில்லை. ஹனபி மரபு, பெண்ணின் சாட்சியம் ஏற்கப்படும் விடயங்களில் அனுமதித்தது. பழைய சட்ட அறிஞரான தபரீ எல்லா விடயங்களிலும் அனுமதித்தார் என்று சொல்லப்படுகிறது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபிகள் என்பதை மறுப்போர் முதல் காரணமாகக் காட்டுகிறார்கள். மலேசியாவும் ஷாபி நாடுதான். அங்கே 2010இல் ஷரீஆ நீதிமன்றத்துக்குப் பெண் நீதிபதிகள் நியமிக்கப்பட்டார்கள். இந்தோனேசியாவின் சமய நீதிமன்றங்களில் அதற்கு முன்பிருந்தே பெண்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். இந்த எடுத்துக்காட்டுகளை மனுக்களில் அடுக்கிவைக்கும் கிழக்கிலங்கைப் பெண்களுக்கு அடிக்கடி கிடைப்பது எதிர்வாதமல்ல. நீங்கள் எந்த மதரஸாவில் ஓதினீர்கள், உங்கள் பின்னால் எந்த வெளிநாட்டு அமைப்பு இருக்கிறது என்ற விசாரணைதான்.